கடன் எடுக்க முதல் தகட்டைப் படியுங்கள்: வீட்டுப் பட்டறைக்குத் ‘திறீ பேஸ்’ மின்சாரம்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கி, லொறியில் ஏற்றி, ஏ-9 வீதியால் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்த லேத் இயந்திரம் ஒன்று, பதினொரு மாதங்கள் எனது பின்வளவில் தறப்பாளின் கீழ்க் கிடந்தது. இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. இறக்கி வைத்த அன்று பின்னேரம், மோட்டரின் பக்கத்தில் இருந்த சிறிய தகட்டில் படிந்திருந்த கிறீஸைத் துடைத்து வாசித்தபோதுதான் விஷயம் விளங்கியது. அது 415 வோல்ற்றில் ஓடும் ‘திறீ பேஸ்’ மோட்டர். எனது வீட்டுக்கு வந்திருந்ததோ 230 வோல்ற் ஒற்றைப் பேஸ் இணைப்பு.

அந்த இயந்திரம் வாழ்வாதாரக் கடனில் வாங்கியது. அது சுழன்றாலும் சுழலாவிட்டாலும் மாதக் கட்டுப்பணம் நிற்காது. பதினொரு மாதமும் இன்னொருவரின் பட்டறையில் நாட்சம்பளத்துக்கு நின்று, ஓடாத எனது இயந்திரத்துக்குக் கடன் கட்டினேன். அந்தத் தகட்டை நான் அரைவாசிதான் வாசித்திருந்தேன் என்பது பிறகுதான் தெரியவந்தது. மீதி அரைவாசியில்தான் விடை இருந்தது. லேத், தச்சு இயந்திரம், மா அரைக்கும் ஆலை என்று வீட்டோடு ஒரு தொழிலைத் தொடங்க நினைப்பவர்கள் அதே பிழையை விடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இரும்பு தெரியும், கரண்ட் தெரியாது

எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர் பலர் தொழில் பழகியது மின்சாரம் இல்லாத காலத்தில். 1990களில் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் தேசிய மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை. ஒரு துளி பெற்றோல் காட்டி இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விட்ட காலம் அது. அப்பாவின் லேத்தும் அப்படித்தான் ஓடியது. கொட்டிலுக்கு வெளியே ஒரு எஞ்சின், உள்ளே கப்பி, இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டி. எஞ்சினின் சத்தத்தை வைத்தே வெட்டு ஆழமா இல்லையா என்று அவர் சொல்லிவிடுவார்.

அந்தத் தலைமுறையிடம் படித்த எங்களுக்கு இரும்பின் குணம் கைவந்தது. மின்சாரத்தின் குணம் வரவில்லை. 2009க்குப் பிறகு மீளக்குடியேறிய ஊர்களுக்கு மின்கம்பங்கள் வந்தன. கடன் திட்டங்களும் பழைய இயந்திரங்களும் வந்தன. ஆனால் எந்த இயந்திரத்துக்கு எந்த மின்சாரம் என்று சொல்லித்தர ஆள் வரவில்லை.

மூன்று உலக்கை

பாடப்புத்தகத்தில் ‘மூவவத்தை’ என்பார்கள். பட்டறையில் அது ‘திறீ பேஸ்’. உரலில் நெல் இடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் இடித்தால், உலக்கை மேலே போகும் நேரமெல்லாம் உரலில் வேலை நடக்காது. மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக முறை தப்பாமல் இடித்தால், எந்த நேரமும் ஒரு உலக்கை வேலை செய்துகொண்டிருக்கும். ஒற்றைப் பேஸ் முதலாவது வகை. திறீ பேஸ் இரண்டாவது. மூன்று வயர்களிலும் ஒரே 50 ஹேர்ட்ஸ் மின்சாரம்தான் வருகிறது. ஆனால் ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து மூன்றில் ஒரு சுற்றுப் பிந்தி வருகிறது.

இதனால் மோட்டருக்குள் காந்தப்புலம் தானாகவே சுழலும். ஆகவே திறீ பேஸ் மோட்டருக்குத் தொடக்கிவைக்கக் கொள்ளளவி (கண்டென்சர்) தேவையில்லை. அதிர்வு குறைவு, கடைந்த வேலையின் மேற்பரப்பும் மழமழப்பாக வரும். ஏதாவது இரண்டு வயர்களை மாற்றிப் பூட்டினால் மோட்டர் மறுபக்கம் சுற்றும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ற், பேஸுக்கும் பேஸுக்கும் இடையில் அதன் 1.732 மடங்கு, அதாவது ஏறத்தாழ 400 வோல்ற். பழைய தகடுகளில் 415 என்று இருப்பதும் இதே வழங்கல்தான்.

மின்னோட்டத்திலும் பெரிய வித்தியாசம் உண்டு. 2 குதிரை வலு, அதாவது 1.5 கிலோவாற்று மோட்டர் ஒற்றைப் பேஸில் 10 அம்பியர் அளவில் இழுக்கும். 400 வோல்ற் திறீ பேஸில் ஒரு வயரில் சுமார் மூன்றரை அம்பியர்தான். தொடங்கும் கணத்தில் இது ஐந்தாறு மடங்காகும். லேத்தைப் போட்டவுடன் வீட்டு லைற் மங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். திறீ பேஸ் எடுத்தால் ‘பில்’ குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். மின்மானி கணக்கிடுவது அலகை. அதே வேலைக்கு அலகு ஏறத்தாழ அதேதான். கட்டணம் மாறுவது நீங்கள் எந்தப் பாவனைப் பிரிவில் பதியப்பட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

தகட்டில் இருப்பது என்ன?

இயந்திரம் வாங்கப் போகும்போது ஒரு துணியையும் கைத்தொலைபேசியையும் கொண்டுபோங்கள். மோட்டர்த் தகட்டைத் துடைத்துப் படம் எடுங்கள். பார்க்கவேண்டியவை நான்கு.

முதலாவது, பேஸ் எத்தனை. இரண்டாவது, வலு: கிலோவாற்று அல்லது குதிரை வலு. மூன்றாவது, அம்பியர். நான்காவதுதான் நான் கவனிக்காமல் விட்டது: வோல்ற் ஒரு எண்ணா, இரண்டு எண்களா?

‘230/400’ அல்லது ‘240/415’ என்று இரண்டு எண்கள் இருந்து, பக்கத்தில் முக்கோணக் குறியும் மூன்று கிளை உள்ள நட்சத்திரக் குறியும் இருந்தால், அந்த மோட்டரை இரண்டு விதமாக இணைக்கலாம். முக்கோணம் (டெல்ரா) சிறிய வோல்ற்றுக்கு, நட்சத்திரம் (ஸ்டார்) பெரிய வோல்ற்றுக்கு. மூடியைத் திறந்தால் மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் ஆறு முனைகள் தெரியும். ஒரு வரிசையின் மூன்றும் குறுக்காகப் பித்தளைத் துண்டுகளால் சேர்க்கப்பட்டிருந்தால் அது ஸ்டார். மேலும் கீழுமாக மூன்று சோடிகள் சேர்க்கப்பட்டிருந்தால் டெல்ரா.

‘400/690’ என்றிருந்தால் அந்த மோட்டருக்கு டெல்ராவிலேயே 400 வோல்ற் வேண்டும். 4 கிலோவாற்றும் அதற்கு மேற்பட்டவையும் பெரும்பாலும் இந்த வகை. பழைய மோட்டர்கள் சிலவற்றில் மூன்று முனைகள் மட்டுமே வெளியே இருக்கும். ஸ்டார் சந்தி சுருளுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கும்.

எனது லேத்தின் தகட்டில் 415க்கு முன்னால் 240 என்றும் இருந்தது. அதன் அர்த்தம் தெரிந்திருந்தால் பதினொரு மாதம் போயிருக்காது.

வழி ஒன்று: திறீ பேஸ் மின் இணைப்பு

நிலையான வழி இதுதான். ஒற்றைப் பேஸ் 30 அம்பியர் இணைப்பில் சுமார் 7 கே.வி.ஏ. எடுக்கலாம். திறீ பேஸ் 30 அம்பியர் இணைப்பில் சுமார் 21, 60 அம்பியரில் சுமார் 42.

விண்ணப்பிக்க முதல் ஒழுங்கையில் உள்ள மின்கம்பத்தைப் பாருங்கள். திறந்த கம்பிகள் இரண்டு மட்டும் போனால் அங்கே ஒற்றைப் பேஸ்தான் இருக்கிறது. நான்கோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது பல வயர்கள் முறுக்கிய கறுப்புக் கேபிள் போனால், திறீ பேஸ் இருக்க வாய்ப்புண்டு. இதைப் பிரதேச மின் அலுவலகத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். திறீ பேஸ் பிரதான வீதியோடு நின்றால், புதிய கம்பங்களுக்கும் கம்பிக்குமான செலவு உங்கள் மதிப்பீட்டில் சேரும். பட்டறை உள்ளே தள்ளியிருக்கும் வளவுகளில், இணைப்பின் விலையைவிட இந்தச் செலவே கூடுதலாக வரக்கூடும்.

உள்வயரிங் முடித்து, தகுதியுள்ள மின்னியலாளரின் சோதனை அறிக்கையோடு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுப் பாவனை என்று எழுதிவிட்டுப் பட்டறை நடத்த வேண்டாம். பிறகு பிரச்சினை வந்தால் இணைப்பும் போகும், தொழிலும் போகும். தொழிற்சாலைப் பாவனைப் பிரிவையும் பிரதேச சபை அனுமதியையும் தொடக்கத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

திறீ பேஸ் வந்தபின் வீட்டுச் சுமையை மூன்று பேஸ்களுக்கும் பிரித்துப் போடவேண்டும். நியூட்ரல் வயரின் இணைப்பு இறுக்கமாக இருக்கவேண்டும். நியூட்ரல் விடுபட்டால் ஒரு பேஸில் வோல்ற் கூடி, மற்றதில் குறையும். குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் எரிவது அப்போதுதான்.

வழி இரண்டு: மோட்டரை மாற்றுவது

துளையிடும் இயந்திரம், சாணைக்கல், சிறிய கிரைண்டர் போன்றவற்றுக்கு இது போதும். திறீ பேஸ் மோட்டரைக் கழற்றி, அதே வேகமும் அதே அச்சு விட்டமும் உள்ள ஒற்றைப் பேஸ் மோட்டரைப் பூட்டலாம். வேகம் ஒத்துப்போகாவிட்டால் கப்பியையும் மாற்றவேண்டி வரும். லேத்துக்கு இது அவ்வளவு பொருந்தாது. ஒற்றைப் பேஸ் மோட்டர் அதிரும், அந்த அதிர்வு வெட்டில் தெரியும். அடிக்கடி நிறுத்தித் தொடங்கினால் தொடக்கச் சுவிச்சும் கொள்ளளவியும் விரைவில் போய்விடும்.

வழி மூன்று: கொள்ளளவியும் சுழல் மாற்றியும்

ஆறாவது மாதத்தில், ஒருவர் சொன்னதைக் கேட்டு நான் முயன்றது கொள்ளளவியை. இரண்டு முனைகளுக்கு 230 வோல்ற்றைக் கொடுத்து, மூன்றாவது முனைக்குக் கொள்ளளவி வழியாக மின்சாரம் கொடுக்கும் முறை இது. ஒரு கிலோவாற்றுக்கு ஏறத்தாழ 70 மைக்ரோபரட் என்பது பொதுக்கணக்கு. லேத் சுற்றியது. ஆனால் சிறிய வெட்டு எடுத்தாலே நின்றது. அரை மணி நேரத்தில் வார்னிஷ் மணம் வந்தது. நிறுத்திவிட்டேன்.

பிழை எங்கே என்று இப்போது தெரியும். மோட்டர் ஸ்டாரில் இருந்தது. 415 வோல்ற்றுக்கான இணைப்புக்கு 230ஐக் கொடுத்தால் அதன் முறுக்குவலு மூன்றில் ஒன்றாகிவிடும். டெல்ராவுக்கு மாற்றியிருந்தால் வேலை செய்திருக்கும். அப்படிச் செய்தாலும் மோட்டரின் முழு வலு கிடைக்காது. மூன்றில் இரண்டு பங்கு அளவில் கிடைத்தால் நல்லது. சுமை ஒரே அளவில் இருக்கும் இயந்திரத்துக்கு இந்த முறை பரவாயில்லை. சுமை ஏறி இறங்கும் லேத்துக்குச் சரிவராது.

சுழல் மாற்றி என்பது, ஒரு பெரிய திறீ பேஸ் மோட்டரைச் சுமையில்லாமல் ஒற்றைப் பேஸில் சுழலவிட்டு, அதிலிருந்து மூன்றாவது பேஸை எடுப்பது. இயக்கப்போகும் மோட்டரைவிட இது ஒன்றரை மடங்காவது பெரிதாக இருக்கவேண்டும். பல இயந்திரங்களை ஓட்டலாம். ஆனால் நாள் முழுவதும் வெறுமனே சுழன்று சத்தமும் போடும், மின்சாரமும் தின்னும். வெளிவருவதும் 230 வோல்ற் திறீ பேஸ்தான், 400 அல்ல.

வழி நான்கு: வீ.எவ்.டி

என்னைக் காப்பாற்றியது இதுதான். ‘வீ.எவ்.டி’ என்பது புத்தகம் அளவிலான ஒரு பெட்டி. ஒற்றைப் பேஸை உள்ளே எடுத்து நேரோட்டமாக்கி, அதிலிருந்து திறீ பேஸை உருவாக்கி வெளியே விடும். மெதுவாகத் தொடக்கும் என்பதால் லைற் மங்காது. ஒரு குமிழைத் திருப்பி வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

ஒற்றைப் பேஸ் 230 வோல்ற் பெட்டியிலிருந்து வருவதும் 230 வோல்ற் திறீ பேஸ்தான். ஆகவே மோட்டர் டெல்ராவில் 230 அல்லது 240க்கு இணைக்கக்கூடியதாக இருக்கவேண்டும். எனது தகட்டில் இருந்த அந்த ‘240’ இங்கேதான் உதவியது. மூடியைத் திறந்து மூன்று பித்தளைத் துண்டுகளைக் குறுக்கிலிருந்து நெடுக்காக மாற்றினோம். பதினொரு மாதம் கிடந்த லேத் அன்று மத்தியானம் ஓடியது. முதலில் கடைந்தது ஒரு லான்ட்மாஸ்டரின் அச்சு.

நடைமுறையில் இதன் எல்லை 3 குதிரை வலு. 2.2 கிலோவாற்றுப் பெட்டி முழுச் சுமையில் 20 அம்பியருக்கு மேல் இழுக்கும். 30 அம்பியர் வீட்டு இணைப்பில் அதற்கு மேல் இடமில்லை.

அனுபவத்தில் படித்த சில விஷயங்கள்:

பெட்டிக்கும் மோட்டருக்கும் இடையில் சுவிச் வைத்து ஓட்டத்தை நிறுத்தக்கூடாது, பெட்டி எரியும். தொடங்குவதும் நிறுத்துவதும் பெட்டியின் கட்டுப்பாட்டு முனைகளால் செய்யவேண்டும்.

மின்சாரத்தை நிறுத்தியபின்னும் உள்ளே உயிராபத்தான வோல்ற் தேங்கியிருக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் நிமிடங்கள் கழியும்வரை மூடியைத் திறக்கவேண்டாம்.

நெடுநேரம் குறைந்த வேகத்தில் ஓட்டினால் மோட்டரின் விசிறியும் மெதுவாகச் சுற்றும், மோட்டர் சூடாகும். பலத்த வெட்டுக்குக் கப்பியையோ கியரையோ மாற்றுங்கள்.

சக் திருகாணியில் பூட்டப்பட்ட பழைய லேத் என்றால், சடுதியாக நிறுத்துவதோ மறுபக்கம் சுற்ற விடுவதோ கூடாது. சக் கழன்று பறக்கும்.

இரும்புத்தூளும் பல்லியும் எறும்பும் போகாத பெட்டிக்குள், காற்றோட்டத்தோடு பூட்டுங்கள்.

பேஸ் ஒன்று போனால்

பிறகு வேலை கூடியது. கொம்பிரசர் வந்தது, ஒரு மில்லிங் இயந்திரம் வந்தது. கடனை அடைத்தபின் மின்சார சபையின் திறீ பேஸ் இணைப்பையே எடுத்தேன். அங்கேயும் ஒரு பாடம் காத்திருந்தது.

ஒரு மாரிகாலத்தில், இரவுக் காற்றில் எங்கோ ஒரு பேஸ் போய்விட்டது. காலையில் பட்டறை லைற் எரிந்தது. மில்லிங்கைப் போட்டேன். மோட்டர் சுற்றாமல் உறுமியது. இறுகிவிட்டது என்று நினைத்து மூன்று நான்கு தரம் போட்டுப் பார்த்தேன். புகை வந்தது. மூன்று பேஸில் ஒன்று இல்லாவிட்டால், நிற்கும் மோட்டர் தொடங்காது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டரோ மீதி இரண்டு வயர்களில் அதிகமாக இழுத்துச் சுருளை எரித்துவிடும். சுருளைத் திரும்பச் சுற்றக் கொடுத்த காசில் நான்கு பாதுகாப்புக் கருவிகள் வாங்கியிருக்கலாம்.

ஆகவே திறீ பேஸ் எடுப்பவர்கள் இவற்றையும் அதே செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மோட்டருக்கும் தகட்டு அம்பியருக்கு அளவாக வைத்த ஓவர்லோட் றிலே. பேஸ் ஒன்று போனாலோ பேஸ்களின் ஒழுங்கு மாறினாலோ இயந்திரத்தைத் தொடங்கவிடாத பேஸ் றிலே. கம்பத்தில் வேலை செய்தபின் பேஸ் ஒழுங்கு மாறி மோட்டர் மறுபக்கம் சுற்றுவதும் உண்டு.

கரண்ட் போய் வந்தால் தானாகத் தொடங்காத கொன்ராக்டர் சுவிச். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். சக்கில் சாவியை விட்டுவிட்டு வெளியே போனவரின் லேத், கரண்ட் வந்தவுடன் தானாகச் சுற்றினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கைக்கெட்டிய இடத்தில் ஒரு சிவப்பு அவசர நிறுத்தியும் வேண்டும்.

சரியான ஏர்த். மாரியில் நன்றாக இருக்கும் ஏர்த் கம்பி, ஆவணியில் நிலம் வறண்டதும் பயனற்றுப் போகலாம். வறட்சியான காலத்தில் கருவியால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதோடு 30 மில்லிஅம்பியர் திறிப் சுவிச். வீ.எவ்.டி பூட்டியபின் அது அடிக்கடி விழுந்தால், திறிப் சுவிச்சைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுக்கவேண்டாம். வீ.எவ்.டிக்குப் பொருந்தும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று வயர் நிறம். பழைய வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ். கறுப்பு நியூட்ரல். புதிய முறையில் மண்ணிறம், கறுப்பு, சாம்பல் மூன்றும் பேஸ். நீலம் நியூட்ரல். அதாவது பழையதில் நியூட்ரலாக இருந்த கறுப்பு புதியதில் பேஸ், பேஸாக இருந்த நீலம் நியூட்ரல். ஒரே பட்டறையில் இரண்டும் கலந்திருந்தால் நிறத்தை நம்பாமல் அளந்து பாருங்கள்.

இவற்றைப் பூட்டுவது மின்னியலாளரின் வேலை. ஆனால் என்ன பூட்டவேண்டும் என்று கேட்கத் தெரிந்திருப்பது இயந்திரச் சொந்தக்காரரின் வேலை.

எந்த வழி யாருக்கு?

ஒரே ஒரு இயந்திரம், 3 குதிரை வலுவுக்குள், தகட்டில் 230 அல்லது 240 இருக்கிறது என்றால், வீ.எவ்.டி போதும். சிறிய கருவி என்றால் மோட்டரை மாற்றுங்கள். இரண்டு மூன்று இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடவேண்டும், அல்லது 4 கிலோவாற்றுக்கு மேல், அல்லது தகட்டில் 400/690 என்றால் திறீ பேஸ் மின் இணைப்புத்தான் வழி. அதற்கான மதிப்பீட்டைக் கையில் எடுத்தபின்னரே கடன் தொகையை முடிவு செய்யுங்கள். கடன் தரும் நிறுவனங்களும் இயந்திரத்தின் விலைமனுவோடு மின் இணைப்பின் மதிப்பீட்டையும் கேட்டால், பல தறப்பாள்களுக்கு வேலையிருக்காது.

போன மாதம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு அக்கா வந்தார். மிளகாயும் மாவும் அரைக்கும் இயந்திரம் ஒன்று பேசி வைத்திருப்பதாகவும், முற்பணம் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். “கொஞ்சம் பொறுங்கோ அக்கா, முதல்ல அந்த மோட்டர்த் தகட்டை ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. பிறகு உங்கட ஒழுங்கைக் கம்பத்தையும் ஒரு படம்” என்றேன். அடுத்த நாள் இரண்டு படங்களும் வந்தன. தகட்டில் 400/690, கம்பத்தில் இரண்டு கம்பி. அவர் முற்பணத்தைக் கொடுக்கவில்லை. இப்போது ஒற்றைப் பேஸில் ஓடும் சிறிய இயந்திரம் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.